அத்திரம்பாக்கத்துக் கல்

திருத்தணி மலையில் படியேறி முடித்தவர்கள் முருகனைப் பார்க்கத்தான் அவசரப்படுவார்கள். வடக்கே திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்த்தால் நகரி மலை தெரியும். வங்கக் கடலில் வந்த பழைய மாலுமிகள் கரைக்கு அடையாளமாக வைத்திருந்த ‘நகரி மூக்கு’ அந்தத் தொடரில்தான் இருக்கிறது. இங்கே சொல்லப்போகும் கல்லின் கதையும் அந்த மலை வட்டாரத்தில்தான் தொடங்குகிறது.

கல் என்றால் இன்ன கல் என்று ஒன்றைச் சுட்டவில்லை. பூண்டிக்கு வடக்கே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்காலக் கைக்கோடரிகளில் எதை எடுத்தாலும் அதன் வாழ்க்கை வரலாறு ஏறக்குறைய இதுதான்.

நகரி மலையும் திருப்பதி மலையும் குவார்ட்சைட் பாறையால் ஆனவை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நீரடியில் படிந்த மணல் அது. மேலே படிந்தவற்றின் பாரத்திலும் சூட்டிலும் மணலும் மணலும் பிரிக்க முடியாதபடி இறுகிப்போயின. சாதாரண மணற்பாறையை அடித்தால் உதிரும். இது உதிராது, உடைந்த பாட்டில் மாதிரி கூர் விளிம்போடு சில்லாகப் பெயரும். பிற்பாடு இந்தக் கல்லுக்கு நேர்ந்ததெல்லாம் இந்த ஒரு குணத்தால் நேர்ந்தது.

கடப்பை முதல் நகரி வரை நீளும் அந்த மலைகளிலிருந்து பெயர்ந்த துண்டுகளை, டைனோசர் காலத்து ஆறுகள் கிழக்கே உருட்டிக்கொண்டு வந்தன. முனை மழுங்கி உருண்டையாகி, பழைய கழிமுகங்களில் குவிந்து, களிமண்ணோடு சேர்ந்து மறுபடி பாறையாக இறுகின. சத்தியவேடு, அல்லிக்குழிக் குன்றுகள் அப்படி வந்தவை. குன்று முழுக்கக் குண்டுக்கல்லும் கூழாங்கல்லும் பதிந்திருக்கும். மழை குன்றைக் கரைக்கக் கரைக்க, அடைபட்ட கற்கள் மீண்டும் ஓடைக்கு வந்து சேரும். நம் கல் இரண்டாம் முறை வெளிச்சத்துக்கு வந்தது இப்படித்தான்.

இன்று அந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு கொசஸ்தலை. ஆந்திரத்திலிருந்து வந்து பள்ளிப்பட்டைத் தொட்டு, நகரிக்குள் போய், திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து நல்லாட்டூர்ப் பக்கமாகப் பூண்டிக்கு வருகிறது. திருத்தணி நந்தியாற்றுத் தண்ணீரும் பூண்டியில்தான் சேர்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, இந்த ஆற்றங்கரை ஊர்கள் இரண்டு மாநிலங்களாகப் பிரிந்தன. ஆண்டில் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான். மழைக்காலத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டிலும் நெடியத்திலும் தரைப்பாலம் மூழ்கும். அன்றைக்கு மட்டும் இந்த ஊர்களின் பெயர் செய்தித்தாளில் வரும். 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தில் தேங்கும் ஆற்றுத் தண்ணீர் சென்னையின் குடிநீர்க் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியது ஏரிப்பாசனமும் கிணறும்.

கல்லுக்கு வருவோம். சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அதைப் பொறுக்கினார். ஆணா பெண்ணா, எந்த இனம் என்று சொல்ல அந்தக் காலத்து மனித எலும்பு எதுவும் அத்திரம்பாக்கத்தில் கிடைக்கவில்லை. நம் இனம் பிறந்தே 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆகவே அவர் நாமல்ல என்பது மட்டும் நிச்சயம். அவரையும் ஆதித் தமிழராக்கி மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அத்திரம்பாக்கத்தில் அவர்கள் நடமாடிய தரை களிமண். அங்கே குண்டுக்கல் கிடையாது. கல் இருக்கும் இடத்தில் பெரிய குண்டுக்கல்லை அடித்துப் பெரும் சில்லாகப் பெயர்த்து, அதைத் தூக்கி வந்து, இங்கே விளிம்பைச் செதுக்கியிருக்கிறார்கள். நாளைக்கு வேண்டும் என்று இன்றைக்கே பாரம் சுமக்கிற புத்தி அப்போதே இருந்திருக்கிறது. எனக்கு அந்தக் கோடரியின் அழகைவிட இந்த முன்யோசனைதான் பெரிதாகப் படுகிறது. அதே களிமண்ணில் விலங்குப் பற்களும் குளம்படித் தடங்களும் அகப்பட்டன. வேலை முடிந்ததும் கோடரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளம் கொண்டுவந்த வண்டல் மூடிவிட்டது.

பிறகு நெடுங்காலம் அசைவில்லை. மேலே களிமண்ணும் செம்புராங்கல் சரளையும் மீட்டர் மீட்டராக ஏறின. கடைசியில் மழையோடை ஒன்று அந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டு இறங்கியபோது கற்கள் ஓடையில் விழுந்தன. ஆடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் அவற்றை மிதித்து நடந்தார்கள்.

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். ஐரோப்பாவில் மனிதப் பழமையைப் பற்றிய சர்ச்சை சூடாக இருந்த சமயம். பிரான்சில் சோம் ஆற்றங்கரைச் சரளையில் கிடைத்த கற்கள் மனிதக் கைவேலை என்பதை அறிஞர்கள் ஒப்புக்கொண்டு நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அதனால்தான் சரளைக் குழியில் கிடந்த கல் அவர் கண்ணில் பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 28-ல் அவரும் சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கம் ஓடைக்கு வந்தார்கள். இங்கே கருவிகள் ஓடையில் இறைந்து கிடந்தன. 1866-ல் அவர் எழுதிய கட்டுரை வந்தது. ‘மதராஸ் கைக்கோடரி மரபு’ என்ற பெயர் பின்னாளில் உலகப் பாடநூல்களில் ஏறியது. ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின; அவற்றின் அட்டவணை அவர் இறந்த பிறகு 1914-ல் அச்சானது.

ஆனால் அலமாரிக்குப் போன கல்லால் தன் வயதைச் சொல்ல முடியவில்லை. ஓடையில் பொறுக்கிய கல் எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? மண்ணுக்குள்ளேயே இருந்த கற்கள்தான் அதைச் சொல்லின. 1999 முதல் சாந்தி பப்பு தலைமையில் சர்மா மரபுக் கல்வி மையம் அங்கே அகழாய்வு செய்தது. வெயில்படக் கிடக்கும் குவார்ட்சைட்டில் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்ததும் புதிதாக உண்டாவது நின்றுபோகும். இருப்பது சிதையும், அதிலும் அலுமினியம் வேகமாகச் சிதையும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் கல் புதைந்து எவ்வளவு காலம் என்று தெரியும். ஆறு கருவிகளில் அளந்தார்கள். சராசரி 15 லட்சம் ஆண்டுகள். எப்படிக் குறைத்தாலும் 10 லட்சத்துக்குக் கீழே வராது. 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. 2018-ல் ‘நேச்சர்’ இதழில் இன்னொன்று: அதே இடத்தின் மேலடுக்கில், பெரிய கோடரிகளை விட்டுச் சிறு கருவிகளுக்கு மாறியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன். அந்த நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்றேகால் லட்சம் ஆண்டுக்குள் வந்ததாகத்தான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள்.

இந்தக் கல்லுக்கு மதிப்பு அது கிடந்த இடத்தால் வந்தது. இடத்தைவிட்டு எடுத்தால் அது வெறும் உடைந்த கல். இன்று சாலைக்குச் சரளை, மனைக்குச் சவுடு என்று இந்தப் படுகையில் பொக்லைன் அள்ளும் ஒவ்வொரு கரண்டியிலும் அந்த இடம்தான் போகிறது. லாரியில் ஏறிய அடுக்கை எந்த ஆய்வுக்கூடமும் திருப்பித் தராது.

பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. திருத்தணிக்குக் காவடியோடு போகிறவர்களும், அணையைப் பார்க்கக் குடும்பத்தோடு வருகிறவர்களும் ஒரு அரை மணி நேரம் அங்கே ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்குக் கைக்கோடரியைக் காட்டுங்கள். அத்திரம்பாக்கம் ஓடைக்கே போக நேர்ந்தால் எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.