வெரோனாவின் திறந்தவெளி ஒபெரா: இடிந்ததை அடுக்கிக் கட்டிய ஊர்களினூடே ஒரு கோடைப் பயணம்

வட இத்தாலியில் ஆடிஜே ஆறு வளைந்து ஓடும் இடத்தில் அமைந்திருக்கிறது வெரோனா நகரம். அதன் நடுவே, உரோமர் காலத்தில், கி.பி. முதலாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நீள்வட்ட வடிவக் கல்லரங்கு ஒன்று இன்றும் நிற்கிறது. 'அரீனா' என்று அழைக்கப்படும் இந்த அரங்கில், ஒரு காலத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் மோதிச் செத்ததை மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். இன்று ஒவ்வோர் ஆண்டும் ஜூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை, அதே படிகளில் பல்லாயிரம் பேர் அமர்ந்து ஒபெரா கேட்கிறார்கள்.

ஒபெரா என்பது முழுக்கதையையும் பாட்டாலேயே சொல்லும் நாடக வடிவம். கோபமும் காதலும் மரணமும் எல்லாமே பாட்டு. இரவிரவாகத் திறந்த வெளியில் நாட்டுக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. மொழி விளங்காவிட்டாலும், கதையை முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போனால் பாட்டோடு சேர்ந்து போகலாம்.

இந்த இசை இரவுகளையும் சுற்றியுள்ள பழைய நகரங்களையும் ஒன்றாக இணைத்து, வழிகாட்டியுடன் ஐந்து முதல் எட்டு நாட்கள் வரையிலான கோடைச் சுற்றுலாக்களை ஐரோப்பிய நாடுகளில் பல முகவர்கள் ஒழுங்கு செய்கிறார்கள். பகலில் நகரங்கள், இரவில் ஒபெரா என்பதே இவற்றின் பொதுவான அமைப்பு. அந்தப் பயணத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதற்காகப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

அரங்கின் கதை

1117ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் அரீனாவின் வெளிச்சுற்று மதிலை ஏறக்குறைய முழுவதுமாக வீழ்த்திவிட்டது. எஞ்சியது நான்கு வளைவுகள் கொண்ட ஒரு துண்டு மட்டுமே. 'ஆலா', அதாவது 'சிறகு' என்று வெரோனா மக்கள் அதை அழைக்கிறார்கள். விழுந்த கற்களை ஊரவர்கள் வேறு கட்டடங்களுக்கு எடுத்துப் போனார்கள். இன்று நாம் காண்பது பெரும்பாலும் உட்சுற்றைத்தான்.

இசையமைப்பாளர் வெர்டி பிறந்து நூறு ஆண்டுகள் நிறைவடைந்ததையொட்டி, 1913 ஓகஸ்ட் 10ஆம் திகதி அவரது 'அயீடா' இங்கு மேடையேறியது. வெரோனாவைச் சேர்ந்த பாடகர் ஜொவான்னி செனத்தெல்லோவும் ஒத்தோனே ரொவாத்தோவும் அதை முன்னின்று நடத்தினார்கள். அன்று தொடங்கிய விழாவை இரண்டு உலகப் போர்கள் இடைநிறுத்தின. ஆனால் போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், பாட்டு மீண்டும் தொடங்கிவிட்டது. அதற்கடுத்த ஆண்டு ஓகஸ்டில், பெயர் தெரியாத ஓர் இளம் பாடகி இத்தாலியில் முதன்முறையாகப் பாடியதும் இந்த மேடையில்தான். அவர் மரியா கல்லாஸ்.

ஆற்றிலிருந்து எடுத்த பாலம்

அரங்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் வெரோனாவின் பாதியைத் தவறவிடுகிறார்கள். அரீனாவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் பொந்தே பியெத்ரா என்ற கற்பாலம் வரும். உரோமர் காலத்துப் பாலம் அது. 1945 ஏப்ரல் இறுதியில் பின்வாங்கிக்கொண்டிருந்த ஜேர்மன் படையினர், நகரின் பாலங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். போர் முடிய ஒரு சில நாட்களே இருந்தன. பொந்தே பியெத்ராவின் பெரும்பகுதியும், பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த காஸ்தெல்வெக்கியோ கோட்டைப் பாலமும் ஆற்றுக்குள் விழுந்தன.

புதிதாகக் கொங்கிரீட் பாலம் போடுவது எளிதாக இருந்திருக்கும். அதை அவர்கள் செய்யவில்லை. ஆற்றின் அடியிலிருந்து கற்களை வெளியே எடுத்தார்கள். பழைய புகைப்படங்களையும் அளவுகளையும் வைத்துக்கொண்டு, எந்தக் கல் எங்கே இருந்தது என்று தேடினார்கள். பியெரோ கத்சோலா என்ற மரபுரிமை அதிகாரியின் தலைமையில், கோட்டைப் பாலம் 1951இலும் பொந்தே பியெத்ரா 1959இலும் மீண்டும் எழுந்தன. போர் முடிந்து பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான் இரண்டாவது பாலம் முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று அதில் வெள்ளைக் கல்லும் சிவப்புச் செங்கல்லும் கலந்து தெரியும். வெவ்வேறு காலத்தவர் கட்டியதும் திருத்தியதும் அந்த நிற வேறுபாட்டிலேயே தெரிகிறது.

இதற்கு மாறாக, கூட்டம் அலைமோதும் 'ஜூலியட்டின் வீடு' என்ற இடத்தில் இருக்கும் புகழ்பெற்ற மாடம், இருபதாம் நூற்றாண்டில் வைக்கப்பட்டது. நேரம் குறைவாக இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு, மாலையில் பாலத்துக்குப் போவது நல்லது.

மேடையில் தோற்றவர்கள்

அரீனாவில் அதிகமாக மேடையேறிய ஒபெரா 'அயீடா'தான். எகிப்தில் அடிமையாக வாழும் எத்தியோப்பிய இளவரசி அயீடா. அவள் காதலிக்கும் எகிப்தியத் தளபதி, அவளுடைய நாட்டின் மீதே படையெடுத்து வென்று திரும்புகிறான். வெற்றி ஊர்வலக் காட்சிக்காகவே பலர் சீட்டு வாங்குகிறார்கள். எக்காளங்கள் முழங்க நூற்றுக்கணக்கானோர் மேடையை நிறைப்பார்கள். ஆனால் அந்த ஊர்வலத்தின் பின்னால் கைதிகளும் வருகிறார்கள். வென்றவர்களின் கூட்டத்துக்குள் நின்றபடி, அந்தக் கைதிகளிடையே தன் தகப்பனை அயீடா கண்டுகொள்கிறாள். போரைக் கண்டவர்கள் இந்தக் காட்சியை மற்றவர்களைப் போலப் பார்க்க முடியாது.

'நபுக்கோ' இன்னொன்று. 1842இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் முதலில் மேடையேறியது. அதை எழுதுவதற்குச் சற்று முன்னர், இரண்டு ஆண்டுகளுக்குள் வெர்டி தன் இரு பிள்ளைகளையும் மனைவியையும் அடுத்தடுத்து இழந்திருந்தார். பாபிலோனில் சிறைப்பட்ட எபிரேய மக்கள், இழந்த தாய்நிலத்தை நினைத்துச் சேர்ந்து பாடும் பாட்டு அதில் வருகிறது. உரத்த பாட்டல்ல, மெதுவாகத் தொடங்கி எழுந்து, மெதுவாகவே அடங்கும். 1901இல் வெர்டியின் உடலை இறுதி இடத்துக்குக் கொண்டு சென்றபோது, தொஸ்கனினியின் நெறியாள்கையில் பாடப்பட்டதும் இதுவே. லா ஸ்காலா 1943 ஓகஸ்டில் குண்டுவீச்சில் சிதைந்து, 1946 மே 11இல் மீளத் திறக்கப்பட்டபோது, பாசிச ஆட்சியை எதிர்த்து வெளிநாட்டில் வாழ்ந்த அதே தொஸ்கனினிதான் திரும்பி வந்து முதல் கச்சேரியை நடத்தினார்.

பதுவா: நமக்குத் தெரிந்த புனிதரின் ஊர்

வெரோனாவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் பதுவா. நம்மவர்கள் 'பதுவை அந்தோனியார்' என்று சொல்லும்போது குறிப்பிடுவது இந்த ஊரைத்தான். கச்சதீவில் ஆண்டுதோறும் விழாக் காணும் அதே புனிதரின் கல்லறை, இங்குள்ள பெருங்கோவிலில் இருக்கிறது. லிஸ்பனில் பிறந்த அவர், 1231 ஜூன் 13இல் பதுவாவில் காலமானார். கல்லறைக் கல்லில் கையை வைத்துக்கொண்டு மௌனமாக நிற்பவர்களை எந்நேரமும் காணலாம்.

அதே ஊரில் எரெமித்தானி தேவாலயம் 1944 மார்ச் 11இல் குண்டுவீச்சுக்கு இலக்கானது. மந்தேஞ்ஞா என்ற ஓவியர் பதினைந்தாம் நூற்றாண்டில் தீட்டிய சுவரோவியங்கள் பல்லாயிரம் துண்டுகளாகச் சிதறின. துண்டுகளைக் கூட்டி அள்ளிப் பெட்டிகளில் பாதுகாத்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களோடு கணினி மூலம் ஒப்பிட்டு, துண்டுகளின் இடங்களைக் கண்டறிந்தார்கள். 2006இல் அவை மீண்டும் சுவரில் ஏறின. மீண்டது சிறு பகுதிதான். எஞ்சிய இடங்களில் மங்கலான பழைய படமே தெரிகிறது. இழந்ததை இழந்ததாகவே காட்டியிருக்கிறார்கள்.

அருகிலேயே உள்ள ஸ்க்ரொவெஞ்ஞி சிற்றாலயம் அந்தக் குண்டுவீச்சில் தப்பியது. 1305 அளவில் ஜொத்தோ தீட்டிய ஓவியங்களைக் காண முன்பதிவு கட்டாயம்.

மந்துவா, விச்சென்சா ஆகிய நகரங்களும் பெரும்பாலான பயணத் திட்டங்களில் இருக்கும். வெர்டியின் 'ரிகொலெத்தோ' கதை நடப்பது மந்துவாவில். விச்சென்சாவில் பல்லாடியோ வடிவமைத்து 1585இல் திறக்கப்பட்ட ஒலிம்பிக்கோ அரங்கு, கூரையுடன் கூடிய பழைய அரங்குகளில் முக்கியமானது.

புறப்படுமுன்

இலங்கைக் கடவுச்சீட்டில் செல்வோருக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்னராவது கொடுத்துவிட வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். சுவிற்சர்லாந்தில் வாழ்வோர் சூரிச்சிலிருந்து மிலான் வழியாக ரயிலில் ஒரே நாளில் வெரோனா சேரலாம்.

முகவரிடம் பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒபெராச் சீட்டு விலையில் அடங்குமா? இருக்கை எந்தப் பகுதியில்? நள்ளிரவு தாண்டி முடியும் நிகழ்ச்சிக்குப் பின் விடுதிக்கு வாகனம் உண்டா? மழையால் நிகழ்ச்சி நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? பொதுவாக, ஒபெரா தொடங்கிய பிறகு மழை நிறுத்தினால் பணம் திரும்பாது.

மலிவான சீட்டுகள் கற்படிகளுக்குரியவை. பகல் வெயிலில் காய்ந்த கல் இரவிலும் சூடாக இருக்கும். இருக்க ஒரு மெத்தை கொண்டு போங்கள். முதியவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கீழ்த்தள நாற்காலிகளே பொருத்தம். மதிய வெயில் கடுமை என்பதால், பகலில் இரண்டு மணி நேரமாவது ஓய்வுக்கு ஒதுக்காத பயணத் திட்டத்தை ஏற்க வேண்டாம்.

இருள் சூழும் வேளையில், படிகளில் இருப்போர் சிறிய மெழுகுதிரிகளைக் கொளுத்துவது இங்கு நெடுநாள் வழக்கம். முன்னர் அந்த வெளிச்சத்தில்தான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். முடிந்தால் நீங்களும் ஒரு திரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.