நூலும் நூற்ற கையும்

தமிழில் நூல் என்னும் ஒரு சொல் இருபொருள் தந்து நிற்கின்றது. பஞ்சினின்று திரிக்கப்படும் இழையும் நூல். புலவர் இயற்றும் ஏடும் நூல். பனுவல் என்னும் சொல்லும் அத்தகையதே. பஞ்சிற்கும் இழைக்கும் செய்யுட்கும் அது பெயராய் வழங்கியுள்ளது. இவ்வொப்புமையைப் பண்டை உரையாசிரியர்கள் தற்செயலாய் நேர்ந்ததெனக் கொண்டாரல்லர். ஏடு இழையின் பெயரைப் பெற்றதற்குக் காரணம் கூறப் புகுந்த அவர்கள், அக்காரணத்தை ஒரு பெண்ணின் கைத்தொழிலில் கண்டனர்.

மதுரைத் திருவாலவாய்ப் பெருமான் அருளியதாக மரபு போற்றுவது இறையனார் களவியல். அறுபது நூற்பாக்களைச் செப்பேடுகளில் எழுதித் தன் பீடத்தின் கீழ் இறைவன் இட்டருளினான் என்பது அதன் உரை கூறும் வரலாறு. நக்கீரர் பெயரால் வழங்கும் அவ்வுரை, நூல் என்பது யாது என்னும் வினாவை எழுப்பி அதற்கு விடையும் தருகின்றது. நுண்ணியவாய்ப் பலவாய்க் கிடக்கும் பஞ்சின் நுனிகளை ஒருத்தி தன் செய்கையின் மாண்பினால் ஓரிழையாக்குகின்றாள். அங்ஙனமே பரந்து கிடக்கும் சொற்களைப் பெரும்புலவன் தன் உணர்வின் மாட்சியால் ஒழுங்குபடக் கோக்கின்றான் என்பது அவ்விடையின் கருத்து. அப்பெண்ணை உரையாசிரியர் ‘கைவன் மகடூஉ’ என்று சுட்டுகின்றார். கைத்திறன் வாய்ந்த மகள் என்பது பொருள். இறைவனே இயற்றியதாகக் கருதப்பெற்ற ஏட்டின் இலக்கணத்தை விளக்குதற்கு, பஞ்சும் கையுமாய் அமர்ந்திருந்த ஒரு பெண்ணே சான்றாயினாள் என்பது எண்ணி மகிழற்பாலது.

மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலை இயற்றினார். அதன் பாயிரத்தில் இவ்வுவமை உறுப்பு உறுப்பாக விரிகின்றது. சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே அவள் கை, அவன் மதியே அவள் சுழற்றும் கதிர். சைவ உரையும் சமண இலக்கணமும் இவ்வொரு செய்தியில் வேறுபாடின்றி ஒன்றியமை குறிப்பிடத்தக்கது. மரத்தின் கோணலைத் தச்சன் நூலிட்டுத் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்றும் பவணந்தியார் கூறுகின்றார். தச்சன் கையிலுள்ள அந்நூலும் எங்கோ ஒருத்தி நூற்றதன்றோ?

நூற்றலின் இயல்பை அறிந்தார்க்கே இவ்வுவமையின் நுட்பம் முற்றும் புலனாகும். முதலில் பருத்தியினின்று கொட்டை நீக்கல் வேண்டும்; பின்னர்த் தூசு போகப் புடைத்து, பஞ்சை நொய்தாக்கல் வேண்டும். ஒரு கை பஞ்சை நெகிழவிட, மறுகை கதிரைச் சுழற்றும். முறுக்கு மிகுந்தால் இழை சுருளும், குறைந்தால் பிரிந்துபோம். தனித்து நின்றால் விரல்நீளமும் இல்லாத இழைகள், ஒன்றையொன்று பற்றி முறுக்குண்டு முழ நீளங்களாக வளர்கின்றன. எங்கே ஒன்று முடிந்தது, எங்கே மற்றொன்று தொடங்கிற்று என்பது தோன்றாதிருத்தலே நூற்பவளின் வெற்றி. நற்செய்யுளின் இலக்கணமும் அதுவே.

இத்துணைச் சிறப்புடன் சான்றாகக் காட்டப்பெற்ற பெண் எத்தகையவள்? அவளை அரண்மனையிற் காண்டல் அரிது. சங்கப் பாடல்கள் அவளைப் பருத்திப் பெண்டு என்றும், ஆளில் பெண்டு என்றும் குறிக்கின்றன. கணவனின் துணையற்றவள் தன் முயற்சியால் நூற்ற நுண்ணிய பனுவலை, உயர்ந்த மலைமுகட்டில் தவழும் மேகத்திற்கு உவமையாக நற்றிணையில் கபிலர் வைத்தார். வறுமையிற் பிறந்த அவ்விழை வானத்து முகிலுக்கு ஒப்பாயிற்று.

1894ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட புறநானூற்றில், தங்கால் பொற்கொல்லனார் பாடிய பாட்டொன்று உள்ளது. நள்ளிருளில் காட்டுப்பூனைக்கு அஞ்சிய இளம் பெட்டைக்கோழி ஒன்று கதறுகின்றது. பஞ்சிற் கலந்த செத்தையைப் புடைத்து நீக்க எழுந்த பருத்திப் பெண்டின் சிறுவிளக்கு ஒளி தர, அக்கோழி தன் சேவலைக் கண்டு அச்சம் தீர்கின்றது. ஊர் உறங்கும் பொழுதும் அவளுக்கு உறக்கமில்லை. எனினும் அவள் தன் பிழைப்பிற்காக ஏற்றிய விளக்கு, அவள் அறியாமலே பிறிதோர் உயிரின் அச்சத்தைப் போக்கிற்று.

வடமொழிப் பொருணூலாகிய கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் இந்நிலையையே காட்டுகின்றது. கைம்பெண்கள், உடற்குறையுடையோர், துறவு பூண்ட மகளிர், கோயிற்பணியினின்று ஓய்ந்த தேவதாசியர் முதலியோர்க்கு நூற்கும் வேலை அளிக்குமாறு அது விதிக்கின்றது. நூலின் நேர்த்தி நோக்கிக் கூலி தருதல் வேண்டும். விடியற்போதில் நூலைக் கொணரும் பெண்ணின் முன் விளக்கு இருப்பது நூலைச் சோதித்தற்கு மட்டுமே. அவள் முகத்தை நோக்கும் அலுவலனுக்குத் தண்டம் உண்டு. கூலி தரக் காலந்தாழ்த்துபவனுக்கும் தண்டம் உண்டு. அவளது மானத்திற்கும் உழைப்பிற்கும் காவல் வேண்டியிருந்தது என்பதனாலேயே, அவை இரண்டிற்கும் இடையூறு இருந்தது என்பதும் பெறப்படும்.

சங்கப் புலவருள் பெண்டிர் பலர். ஔவையார், வெள்ளிவீதியார் முதலியோர் பெயர்கள் இன்றும் நிலவுகின்றன. நூற்ற பெண்டிரின் பெயர் ஒன்றேனும் அப்பாடல்களில் இல்லை. அவர்கள் நூற்ற இழையும், அவ்விழையால் நெய்த ஆடையும் மண்ணோடு மண்ணாயின. புலவர் தம் தொழிலுக்கு அவர்களை அளவுகோலாகக் கொண்டனர். அவர்கள் தம் தொழிலைப்பற்றி என்ன எண்ணினர் என்பதை எழுதி வைத்தாரில்லை. ஆயினும் தமிழர் ஏட்டினை நூல் என்று அழைக்குந்தொறும் அவர்களுடைய கைத்திறம் நினைவுகூரப்படுகின்றது. கல்லிற் பொறித்த பெயரினும் நீடித்த புகழ் இது.

குடமுழுக்கு விழாவில் வேள்விச்சாலையில் எழுந்தருளும் கும்பங்களைச் சுற்றி வெண்ணூல் இழைக்கப்படுகின்றது. கும்பம் திருமேனியாக, அந்நூல் அதன் நாடி நரம்புகளாகப் பாவிக்கப்படும். வேள்விச்சாலைக்கும் கருவறைக்கும் இடையே அருளாற்றல் சென்று சேர்தற்கு இழை தொடுத்து இணைக்கும் நாடி சந்தானம் என்னும் சடங்கும் உண்டு. மந்திரம் ஓதும் நாவும், கல் செதுக்கிய உளியும் விழாவிற் போற்றப்படுகின்றன. இரவு விளக்கின் அருகே பஞ்சு திரித்த பெயரறியாக் கைகளும் அப்போற்றுதலிற் பங்குடையன. கும்பத்தை வணங்குவோர் அதன்மேற் படர்ந்த இழையையும் நோக்கி வணங்குதல் தகும்.