பவர்சேர் ஹாக்கி: பன்னாட்டு வளர்ச்சி

பவர்சேர் ஹாக்கி, மின்கலத்தில் ஓடும் சக்கர நாற்காலியில் அமர்ந்து உள்ளரங்கில் ஆடும் குழு விளையாட்டு. தசைச்சிதைவு நோய், மூளை முடக்குவாதம் போன்றவற்றால் கைகளால் சக்கரத்தைத் தள்ள முடியாதவர்களுக்காக உருவானது. ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடுவார்கள். பெயரில் ஹாக்கி இருந்தாலும் நம்மூர்ப் புல்வெளி ஹாக்கியோடு இதற்கு உறவு குறைவு. மட்டையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தும் வடக்கு ஐரோப்பாவின் ‘ஃப்ளோர்பால்’ விளையாட்டிலிருந்து வந்தவை.

1970களில் ஐரோப்பாவில், உடற்குறையுள்ள இளைஞர்களுக்கான பள்ளிகளிலும் இல்லங்களிலும் உடற்பயிற்சி நேர ஆட்டமாக இது தொடங்கியது. இதைக் கழகங்களும் லீக் போட்டிகளும் கொண்ட விளையாட்டாக வளர்த்ததில் நெதர்லாந்து முன்னோடி. ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளுக்கும் பிறகு பரவியது. ஹாக்கியில் பெயர்பெற்ற நாடுகளைத் தேடி இது போகவில்லை. நோயாளர் சங்கங்கள் வலுவாக இருந்து, மின்நாற்காலி வாங்க அரசோ காப்பீடோ கைகொடுத்த இடங்களில்தான் வேரூன்றியது. தசைச்சிதைவு நோய்க்கு எதிரான இத்தாலிய ஒன்றியத்தின் கிளைகளே அந்நாட்டின் பல கழகங்களுக்குத் தாய்வீடு. மிலான், பாதோவா, ரோம் எனப் பல நகரங்களில் அணிகள் எழுந்தன. ஜெர்மனியில் மியூனிக், வூர்ஸ்பர்க், லாடன்பர்க் அணிகள் தேசிய லீக்கில் மோதின.

ஆடுகளம் சுமார் 26 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். சுற்றிலும் தாழ்வான பலகை வேலி. மூலைகள் வளைந்திருப்பதால் பந்து அங்கே சிக்கி நிற்காது. கோல் சட்டத்தின் உயரம் 20 சென்டிமீட்டர்தான், அகலமோ இரண்டரை மீட்டர். ஆகவே பந்து தரையோடுதான் போக வேண்டும். கோல்கீப்பர் உட்பட அணிக்கு ஐவர். ஆட்ட நேரம் 40 நிமிடம். நாற்காலியின் உச்ச வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். இதன் உடன்பிறப்பான பவர்சேர் கால்பந்தில் அது 10 கிலோமீட்டர் மட்டுமே. அந்த வேகத்தில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரண்டு நாற்காலிகள் ஒரே பந்துக்குப் பாய்வதைப் பார்த்தவர்கள் இதைப் பொழுதுபோக்கு ஆட்டம் என்று சொல்ல மாட்டார்கள். வேண்டுமென்றே மோதினால் தண்டனை உண்டு.

விதிமுறைகளில் மிக நுட்பமானது மட்டையைப் பற்றியது. கையில் வலு உள்ளவர் இலேசான பிளாஸ்டிக் மட்டையைப் பிடித்து ஆடுவார். அதுவும் இயலாதவருக்கு நாற்காலியின் முன்புறம் ‘டி’ (T) வடிவ மட்டை பொருத்தப்படும். விரல்நுனியால் நாற்காலியை ஓட்டும் குமிழை அசைத்து, நாற்காலியையே திருப்பி அவர் பந்தை அடிப்பார். கோல்கீப்பருக்கும் இந்த மட்டைதான். தசைச்சிதைவு நாளுக்கு நாள் முற்றும் நோய் என்பதால், கைமட்டையோடு களமிறங்கிய ஒருவர் சில ஆண்டுகளில் ‘டி’ மட்டைக்கு மாறுவது இங்கே வாடிக்கை. வேறு விளையாட்டில் அது ஓய்வுபெறும் கட்டம்; இங்கே ஆடும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மேலும், உடல்திறனுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் புள்ளி வழங்கி, களத்தில் உள்ள ஐவரின் கூட்டுப்புள்ளிக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வலு மிக்கவர்களை மட்டும் வைத்து அணி கட்ட முடியாது. கடுமையான குறைபாடு உள்ளவர் அணிக்குத் தேவையானவர் ஆகிறார். இந்த விளையாட்டின் பெரிய சாதனையாக இதைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் உலகப் போட்டி 2004இல் ஹெல்சிங்கியில் நடந்தது. 2010இல் இத்தாலியின் லிக்னானோ சாபியாதோரோ நகரில் ஜெர்மனி வென்றது. 2014இல் மியூனிக்கில் நெதர்லாந்து கோப்பையைக் கைப்பற்றியது. 2018இல் போட்டி மீண்டும் லிக்னானோவுக்கு வந்தபோது, இத்தாலி சொந்த மண்ணில் உலகப் பட்டம் பெற்றது. 2022இல் சுவிட்சர்லாந்து போட்டியை நடத்தியது. மியூனிக் போட்டிக்கும் இரண்டாவது லிக்னானோ போட்டிக்கும் இடையில் ‘மின்சக்கர நாற்காலி ஹாக்கி’ என்ற பழைய பெயர் கைவிடப்பட்டு இன்றைய பெயர் வந்தது. நிர்வாகம் நெடுங்காலம் சர்வதேச சக்கர நாற்காலி மற்றும் உறுப்பிழந்தோர் விளையாட்டுக் கூட்டமைப்பின் கீழ் இருந்தது. அந்த அமைப்பு 2023 முதல் ‘வேர்ல்டு எபிலிட்டிஸ்போர்ட்’ என இயங்குகிறது.

ஐரோப்பாவுக்கு வெளியே வளர்ச்சி மெதுவானது. கனடாவிலும் அமெரிக்காவிலும் நீண்டகாலமாக உள்ளூர் லீக்குகள் உண்டு, ஆஸ்திரேலியாவிலும் ஆடுகிறார்கள். கனடாவும் ஆஸ்திரேலியாவும் உலகப் போட்டிக்கு அணி அனுப்பியுள்ளன. ஆனால் ஓர் அணி கடல் கடப்பது எளிதல்ல. ஒவ்வொரு வீரருக்கும் அன்றாட நாற்காலி, ஆட்ட நாற்காலி, உதவியாளர், சிலருக்குச் சுவாசக் கருவி. மின்கலங்களை ஏற்ற விமான நிறுவனங்கள் விதிக்கும் நிபந்தனைகள் வேறு. சரக்கு அறையில் நாற்காலி சேதமடைந்தால் போட்டியே போயிற்று. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் மின்நாற்காலியின் விலையே முதல் தடை.

மருத்துவம் மறுபக்கம் உதவியது. டுஷென் வகைத் தசைச்சிதைவு உள்ளவர்கள் பதின்பருவத்தைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலத்தில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. ஸ்டீராய்டு மருந்துகளும் வீட்டிலேயே பயன்படுத்தும் சுவாசக் கருவிகளும் வந்தபின் பலர் முப்பது வயதைக் கடந்து வாழ்கிறார்கள். ஊசிக்கு நிதி திரட்டும் செய்திகளால் நமக்குப் பழக்கமான, தசைகளை நலியச் செய்யும் மற்றொரு நோயான எஸ்.எம்.ஏ.வுக்கு முதல் மருந்து 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பள்ளி ஆட்டம் வயதுவந்தோர் விளையாட்டாக மாறியதற்கு, விதிகளைத் திருத்திய குழுக்களைவிட இந்த மாற்றமே பெரிய காரணம்.

பாராலிம்பிக் கதவு மட்டும் திறக்கவில்லை. 2020 டோக்கியோ போட்டிக்கு முயன்ற விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. இடம் பெற்றவை பேட்மிண்டனும் டேக்வாண்டோவும். கடுமையான உடற்குறை உள்ளவர்களுக்குப் பாராலிம்பிக்கில் போச்சியா 1984 முதல் இருக்கிறது என்றாலும், மின்நாற்காலியில் ஆடும் குழுப் பந்தாட்டம் எதுவும் அங்கே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தது பாரா கிளைம்பிங் மட்டுமே.