காரைதீவுக்காரரும் கிட்டார் சோலோவும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று பஸ் ஏறினால், சாய்ந்தமருது தாண்டின உடனே காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த மயில்வாகனம்தான் பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். எங்கட பக்கத்தில பலருக்கு அவர் பாடப்புத்தகத்தில ஒரு படம், அவ்வளவுதான். கிட்டார் பழகிற ஆக்களுக்கு அவரிட்ட எடுக்க நிறைய இருக்கு.

சோலோ வாசிக்க ஆசைப்படுறவன் முதலில் பிடிக்கிறது மைனர் பென்டடோனிக். ஏ மைனர் எண்டால் ஏ, சி, டி, ஈ, ஜி. ஐந்தே சுரம். இதில் எந்த ரெண்டு சுரமும் அரைச்சுர இடைவெளியில் இல்லை. எங்க விரல் வச்சாலும் பெரிசாப் பிழைக்காது. கொஞ்ச நாளில அதுவே அலுப்பாகவும் போயிரும். பி, எஃப் இரண்டையும் சேர்த்தால் முழு மைனர் ஸ்கேல். பி-யை ஒட்டி சி, ஈ-யை ஒட்டி எஃப். இழுவையும் வரும், உரசலும் வரும்.

1971இல் வெளிவந்த லெட் செப்பெலினின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' சோலோவைக் கேட்டுப்பாருங்க. பின்னால ஏ மைனர், ஜி, எஃப் எண்டு கோர்ட்ஸ் சுத்திச் சுத்தி வருது. ஜிம்மி பேஜ் பெரும்பாலும் ஐந்து சுரத்துக்குள்ளேயே நிற்கிறார். எஃப் கோர்ட் வரும்போது எஃப் சுரத்தைத் தொடுகிறார். ஏ மைனர் கோர்ட்டில் அதே சுரத்தில் நின்றால் ஈ-யோடு உரசும். எஃப் கோர்ட்டில் அது சொந்த வீடு. அதாவது ரெண்டு ஸ்கேலையும் போட்டுக் கலக்கிறதில்ல. ஐந்தில் இருந்துகொண்டு, நேரம் பார்த்து ஏழுக்குப் போய் வாறது.

தமிழிசையில் ஏழு சுரம் கொண்டது பண், ஐந்து சுரம் கொண்டது திறம். கர்நாடக இசைப் பெயரில் மைனர் பென்டடோனிக்கின் சுரங்கள் சுத்த தன்யாசி, முழு மைனர் நடபைரவி. நடபைரவிதான் பழைய படுமலைப்பாலை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. செம்பாலையின் இரண்டாம் சுரத்தை ஆதாரமாக்கினால் படுமலை வரும். கிட்டார்காரர் 'மோட்' எண்டு சொல்றதும் இந்த வேலையைத்தான்.

விபுலாநந்தர் லண்டன் பி.எஸ்ஸி. பட்டதாரி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழை நரம்பு நரம்பாகக் கணக்குப் போட்டு மீட்கப் பார்த்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார்.

பேஜ் யாழ் நூல் வாசிச்சார் எண்டு சொல்ல வரல்ல. அவருக்கு இது ப்ளூஸ் வழியா வந்தது. 'எல்லாம் தமிழன்தான் முதல்ல கண்டான்' எண்ட கதையில எனக்கு ஆர்வமும் இல்ல. ஆனா 'அவர் அவங்கட ஆள்' எண்டு அடுத்த ஊர்க்காரர் ஒருத்தரை வாசிக்காமலே விட்டது எங்களுக்குத்தான் நட்டம்.

கையில கிட்டார் இருந்தா செய்து பாருங்க. சி மேஜர் சுரங்களை ஜி-யில் தொடங்கி ஜி-யில் முடிங்க: அது செம்பாலை. அதே சுரங்களை ஏ-யில் தொடங்கி ஏ-யில் முடிங்க: படுமலை. இப்ப பி-யையும் எஃப்-ஐயும் விட்டுட்டு வாசிங்க. மிஞ்சுறது திறம்.