ரோட்டரி கிளப்: தையல் மிஷின் மேடை முதல் போலியோ ஒழிப்பு வரை... நன்கொடைப் பணம் எப்படிப் போகிறது?

ஜூலை பிறந்துவிட்டால் ஊர் ஊராக இந்த விழாவைப் பார்க்கலாம். கழுத்தில் பதக்கம் கோத்த பட்டையோடு ஒருவர் மேடையில் நிற்பார். நாலைந்து பெண்களுக்குத் தையல் மிஷின், ஒரு மாற்றுத்திறனாளிக்கு மூன்று சக்கர சைக்கிள், அரசுப் பள்ளிக்குக் குடிநீர் இயந்திரம் என வரிசையாக வழங்கப்படும். மறுநாள் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் போட்டோ வரும். ரோட்டரி கிளப்பின் புதிய நிர்வாகிகள் பணியேற்பு விழா அது. ரோட்டரியின் ஆண்டுக்கணக்கு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது.

"வசதியானவங்க கூடி சாப்பிட்டுப் பேசுற இடம்தானே அது?" என்று கேட்பவர்கள் உண்டு. "இந்தியாவுல போலியோவை ஒழிச்சதே ரோட்டரிதான்" என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே அமைப்பைப் பற்றி எப்படி இவ்வளவு தூரமான இரண்டு பேச்சு? பணம் போகும் வழியைப் பார்த்தால் இது புரியும்.

எங்கே தொடங்கியது?

1905 பிப்ரவரி 23. அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடிப் பேசினார். பெரிய நகரத்தில் தொழில் செய்பவர்களுக்கு நாலு பேர் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழற்சியாகக் கூடியதால் 'ரோட்டரி' என்ற பெயர். சேவை என்பது பிறகு வந்து சேர்ந்தது. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட பொதுக் காரியம் சிகாகோ நகரில் ஒரு பொதுக் கழிப்பறை. இன்றைக்கும் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுக்குத் தேவைப்படுகிற விஷயம்தான்!

இந்தியாவில் முதல் கிளப் கல்கத்தாவில். சென்னைக்கு 1929-ல் வந்தது. பல ஆண்டுகள் இது ஆண்கள் மட்டுமே சேரக்கூடிய சங்கமாக இருந்தது. கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் கிளப் பெண்களைச் சேர்த்ததற்காக வெளியேற்றப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-ல் பெண்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்த பிறகுதான் கதவு திறந்தது. இப்போது உலகம் முழுவதும் சுமார் 12 லட்சம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பெட்டி, இரண்டு கணக்கு

பலரும் குழப்பிக்கொள்கிற இடம் இது. ஒரு கிளப் உறுப்பினர் கட்டும் சந்தா வேறு, அவர் கொடுக்கும் நன்கொடை வேறு. சந்தா கூட்டம், சாப்பாடு, நிர்வாகச் செலவுக்குப் போகும். மாவட்டத்துக்கும் தலைமைக்கும் ஒரு பங்கு உண்டு. (இங்கே 'மாவட்டம்' என்றால் கலெக்டர் ஆளும் மாவட்டம் கிடையாது. பல ஊர் கிளப்புகள் சேர்ந்த ஒரு வட்டாரம். அதன் தலைவருக்குப் பெயர் கவர்னர்.)

நன்கொடை போவது ரோட்டரி ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளைக்கு. 1917-ல் ஆர்ச் கிளம்ப் என்ற அப்போதைய தலைவர் இந்த யோசனையைச் சொன்னார். முதலில் வந்து விழுந்த தொகை வெறும் 26 டாலர் 50 சென்ட். 1947-ல் பால் ஹாரிஸ் இறந்தபோது அவர் நினைவாகப் பணம் குவிந்த பிறகே அது பெரிய நிதியாக வளர்ந்தது. அழைப்பிதழில் சிலர் பெயருக்குப் பின்னால் 'பி.ஹெச்.எஃப்.' என்று போட்டிருப்பார்கள். அது படித்து வாங்கிய பட்டம் இல்லை. 'பால் ஹாரிஸ் ஃபெல்லோ' என்பதன் சுருக்கம். ஆயிரம் டாலர், அதாவது இன்றைக்கு 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்தவர், அல்லது அவர் பெயரில் வேறொருவர் கொடுத்தார் என்று அர்த்தம்.

ஆண்டு நிதிக்குக் கொடுத்த பணம் உடனே செலவாகாது. மூன்று ஆண்டுகள் முதலீட்டில் இருக்கும். அதன் வருமானம் நிர்வாகச் செலவுக்கு உதவும். பிறகு அந்தப் பணத்தில் ஏறத்தாழ பாதி, கொடுத்த வட்டாரத்துக்கே திரும்பி வரும். மீதி உலக நிதிக்குப் போகும்.

இதில் 'குளோபல் கிராண்ட்' என்பதுதான் பெரிய விஷயம். திட்டத்தின் மதிப்பு குறைந்தது 30 ஆயிரம் டாலர் இருக்க வேண்டும். வேலை நடக்கும் நாட்டில் ஒரு கிளப், வெளிநாட்டில் ஒரு கிளப் என இரண்டும் கைகோர்க்க வேண்டும். அந்த ஊருக்கு உண்மையிலேயே அது தேவையா என்று முன்கூட்டியே ஆய்வு செய்து காட்ட வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனை டயாலிசிஸ் மெஷினில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர் கிளப்பின் பெயரும் ஒட்டியிருந்தால் காரணம் இதுதான். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கம்பெனிகள் சட்டப்படி ஒதுக்க வேண்டிய சி.எஸ்.ஆர். பணத்தை கிளப் மூலம் செலவிடுவது. பலகையில் ரோட்டரி சக்கரம் பெரிதாக இருந்தாலும் பணம் பக்கத்து ஆலையுடையதாக இருக்கலாம்.

போலியோ கதை

1979-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் வேலையை ரோட்டரி எடுத்துக்கொண்டது. அது நடந்து முடிந்த தைரியத்தில் 1985-ல் 'போலியோ ப்ளஸ்' திட்டம் வந்தது. திரட்ட நினைத்தது 12 கோடி டாலர். மூன்றே ஆண்டுகளில் கிடைத்தது ஏறத்தாழ அதைப்போல இரண்டு மடங்கு. 1988-ல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்காவின் சி.டி.சி. ஆகியவற்றோடு சேர்ந்து உலகளாவிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் போலியோவால் முடங்கினார்கள்.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியக் குழந்தைகளுக்கு மூன்று வேளை சொட்டு மருந்து போதாது என்று வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் தன் ஆய்வுகளில் காட்டினார். 1980-களில் வேலூர் ரோட்டரி கிளப்போடு சேர்ந்து, குறிப்பிட்ட நாளில் ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே வீச்சில் மருந்து கொடுக்கும் முறை அங்கே நடந்தது. நாடு முழுக்க 'பல்ஸ் போலியோ' வந்தது 1995-ல்தான்.

அப்புறமும் லேசில் முடியவில்லை. 2009-ல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. உலகக் கணக்கில் கிட்டத்தட்ட பாதி. பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகார். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் "இது பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்து" என்ற வதந்தி ஓடியது. பணத்தைக் கொட்டி இதைச் சரிசெய்ய முடியுமா? ரோட்டரி அங்கே இஸ்லாமிய மத அறிஞர்களைக் கொண்ட உலமா குழு ஒன்றை அமைத்தது. வீட்டுக் கதவைத் திறக்காத தாய்மார்கள் அவர்கள் சொன்ன பிறகு திறந்தார்கள். 2010-ல் 42 பேர். 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமி. அதுதான் இந்தியாவின் கடைசி போலியோ. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது.

அதற்காக "ரோட்டரிதான் ஒழித்தது" என்று சொல்லிவிடக் கூடாது. செலவில் பெரும்பங்கு இந்திய அரசுடையது. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் அங்கன்வாடி ஊழியர்கள், செவிலியர்கள், ஆஷா பணியாளர்கள். ரோட்டரி செய்தது வேறு: யாரும் கவனிக்காத காலத்திலும் பணத்தை நிறுத்தாமல் கொடுத்தது, அரசுகளைத் துளைத்துக்கொண்டே இருந்தது. இதுவரை 250 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரை ரோட்டரி திரட்டினால் அதைப்போல இரண்டு மடங்கை கேட்ஸ் அறக்கட்டளை போட்டது.

வேலை இன்னும் முடியவில்லை என்பதும் உண்மை. 2021-ல் உலகம் முழுவதும் இயற்கை போலியோ வைரஸ் பாதித்தவர்கள் 6 பேர்தான். 2024-ல் பாகிஸ்தான், ஆஃப்கானிஸ்தான் இரண்டிலும் சேர்த்து 99 பேர். விமானம் பறக்கிற காலத்தில் இது நமக்கும் தூரத்து ஆபத்து இல்லை. நம்ம ஊரில் இன்னும் சொட்டு மருந்து முகாம் நடப்பது அதனால்தான்.

ஒரு வருஷத் தலைவர்

போலியோவில் நாற்பது ஆண்டு விடாப்பிடியாக நின்ற அதே அமைப்பு, உள்ளூரில் ஏன் தையல் மிஷினோடு நின்றுவிடுகிறது? ஒரு முக்கியக் காரணம் பதவிக்காலம். கிளப் தலைவருக்கு ஒரே ஆண்டுதான். அவர் காலத்தில் திறப்பு விழா நடக்க வேண்டும். பள்ளிக்கு வைத்த குடிநீர் இயந்திரத்துக்கு இரண்டாம் ஆண்டு ஃபில்டர் மாற்றுவது அவர் கணக்கில் வராது, அடுத்தவருக்கு அவர் திட்டம். ஃபில்டர் மாற்ற ஆள் இல்லாவிட்டால் பிள்ளைகள் பழைய குழாய்க்கே போக வேண்டியதுதான்.

எல்லாக் கிளப்பும் இப்படி இல்லை. கொங்குப் பகுதியில் சில ஊர்களின் தகன மேடைகளை ரோட்டரி கிளப்புகள் பராமரித்து வருகின்றன. ரத்த வங்கி, டயாலிசிஸ் மையம் நடத்துகிற கிளப்புகளும் உண்டு. பெரும்பாலும் தனியாக ஒரு டிரஸ்ட் போட்டு, தலைவர் மாறினாலும் பொறுப்பாளர்கள் மாறாதபடி வைத்திருப்பவை இவை.

உங்களிடம் நன்கொடை கேட்டால்?

முதலில், பணம் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று கேளுங்கள்: கிளப் கணக்கா, கிளப் டிரஸ்ட்டா, ஃபவுண்டேஷனா? பொருள் வாங்கிக் கொடுக்கும் திட்டம் என்றால், பழுதானால் யார் பார்ப்பார்கள், அந்தச் செலவுக்கு பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். தப்பில்லை. போன ஆண்டு செய்த திட்டத்தை நேரில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால் நல்ல கிளப் சந்தோஷமாகவே கூட்டிப்போகும்.

ரோட்டரி ஃபவுண்டேஷனின் இந்தியப் பிரிவுக்குக் கொடுக்கும் தொகைக்கு, நன்கொடைக்கான வரிச்சலுகை உண்டு. உள்ளூர் டிரஸ்ட் என்றால் அதற்குத் தனியாகப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை கிடையாது, அதனால் வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது. பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, வெறும் ரசீதோடு நிற்காமல் வரிக்கணக்குக்கான நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.