கட்டியை முழுசா எடுத்தாச்சு, அப்புறம்?

பழைய மருத்துவக் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதல்ல தேடுறது, எழுதினவர் எதை 'வெற்றி'ன்னு சொல்றார் என்பதைத்தான். கிரேனியோஃபாரிஞ்சியோமா விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு நூறு வருஷத்தில் அர்த்தமே மாறிப்போச்சு.

பேர்தான் வாயில் நுழையாது. இது புற்றுநோய் இல்லை. மூளையின் அடியில், பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி, கருவில் மிச்சமாகிப்போன திசுவிலிருந்து வளரும் கட்டி. குழந்தைகளுக்கும் வரும், பெரியவர்களுக்கும் வரும். 1904-ல் வியன்னாவின் யாகோப் எர்ட்ஹைம் இதைத் தனியாக விவரித்தார். இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் ஹார்வி குஷிங். மூளை அறுவையின் பிதாமகர். அவரே இதைப் பார்த்து மலைத்திருக்கிறார். சிக்கல் இடத்தில்தான் இருக்கு: ஒரு பக்கம் பார்வை நரம்பு, மேலே ஹைப்போதலாமஸ், சுற்றிலும் பெரிய ரத்தக் குழாய்கள். கட்டிக்குள்ளே மெஷின் ஆயில் மாதிரி திரவம், சுண்ணாம்புத் துண்டுகள். போதாததுக்கு, பக்கத்துத் திசுவோடு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும்.

அன்னைக்கு உயிர் பிழைத்தாலே வெற்றி. பிட்யூட்டரி அடிபட்டால் கார்டிசால் சுரப்பு நின்றுபோகும். அறுவை நல்லா முடிந்தும் நோயாளி இறந்துபோகலாம். கார்டிசோன் மருந்து வந்த பிறகு, 1950-களில், கதை திரும்பியது. பாஸ்டனில் டொனால்ட் மேட்சன் குழந்தைகளிடம் கட்டியை முழுசாகவே எடுக்கத் துணிந்தார். சைமன் கிராமர், வைலி மெக்கிசாக் இருவரும் 1961-ல் வேறு வழி சொன்னார்கள்: கொஞ்சம் எடு, மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடு. இந்த வழக்கு இன்னும் முழுசா தீரலை.

மேட்சனை நான் குறை சொல்ல மாட்டேன். விட்டு வைத்த கட்டி திரும்ப வளர்ந்து குழந்தையைக் கொல்லும் காலம் அது. ஆனால் பிற்பாடு ஸ்கேன் சுத்தமாக இருந்த குழந்தைகளில் சிலர் வீட்டில் என்ன ஆனார்கள்? பசி அடங்காது. சாப்பிட்ட தட்டு காயுமுன்னே மறுபடி கேட்பார்கள், எடை ஏறிக்கிட்டே போகும். பசியை நிறுத்தும் இடம் ஹைப்போதலாமஸ். கட்டியாலோ கத்தியாலோ அது சேதமாகியிருக்கும். ஹார்மோன்களை மாத்திரையாகவும் ஊசியாகவும் கொடுக்கலாம், 'போதும்' என்ற உணர்வுக்கு ஏது மாத்திரை?

2007-ல் பாரிஸ் குழு ஒன்று, ஹைப்போதலாமஸ் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்குன்னு ஸ்கேனில் தரம் பிரித்து, மோசமாக இருந்தால் அந்தப் பகுதியைத் தொடாமல் விடச் சொன்னது. தெரிந்தே மிச்சம் வைப்பதும் நல்ல அறுவை ஆனது இப்படித்தான்.

2023-ல் மாத்திரைச் செய்தியும் வந்தது: பிராஃப் மரபணு மாற்றம் உள்ள 16 பேரில் 15 பேருக்குக் கட்டி நல்லாச் சுருங்கியது. ஆனால் அது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் வகை. குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் இன்னொன்று. அங்கே இன்னைக்கும் முதன்மையா கத்தியும் கதிரும்தான்.