முகம் கேட்பவர்கள்: கொம்பனித்தெருவிலிருந்து அனோலி பெரேராவின் படங்களைப் பார்த்தல்

"தலையை விரிச்சுப் போட்டுக்கொண்டு வாசல்ல நிக்காத."

அம்மம்மாவிடம் இதைக் கேட்காமல் எங்கட வீட்டில் எந்தப் பொம்பிளைப் பிள்ளையும் வளரவில்லை. குளிச்சிட்டு முடி காயவிட வாசலுக்கு வந்தால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும். செத்த வீட்டில்தான் தலை விரிக்கிறது, அல்லது பேய் பிடிச்சவள் விரிப்பாள். வேற யாரும் விரிக்கக்கூடாது. இதுதான் அவவின் கணக்கு.

அனோலி பெரேராவின் 'ஐ லெட் மை ஹெயர் லூஸ்' என்ற புகைப்படத் தொடரைக் கணினித் திரையில் முதல்தடவை பார்த்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. 'என் கூந்தலை அவிழ்த்துவிட்டேன்' என்று தமிழில் சொல்லலாம். 2010, 2011 காலத்தில் செய்யப்பட்ட படங்கள். பழைய ஸ்டூடியோப் படங்களில் இருப்பது போலவே ஒரு பெண் உடுத்தி, ஒழுங்காகக் கெமராவுக்கு முன்னால் இருக்கிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது, முகத்தைத் தவிர. கூந்தல் முன்னால் விழுந்து முகத்தை முழுசாக மூடியிருக்கிறது.

கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரு அந்தரம் வரும். நாங்கள் அவளைப் பார்க்கிறோமா, அவள் கூந்தலுக்குப் பின்னால் இருந்து எங்களைப் பார்க்கிறாளா என்று விளங்காது. அந்த அந்தரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும் என்றால் நூற்றைம்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இலங்கையில் வெள்ளைக்காரர்களின் புகைப்பட நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கொழும்பில் ஸ்கீன், கண்டியில் ஸ்கோவன், 1890இல் பிளாட்டே. கோயில், தேயிலைத் தோட்டம், யானை எல்லாவற்றையும் எடுத்தார்கள். அதே பட்டியலில் மனிதர்களையும் எடுத்தார்கள். 'தமிழ்ப் பெண்', 'சிங்களப் பெண்', 'சோனகர்', 'ரொடியப் பெண்' என்ற மாதிரி அடியில் ஒரு வரி இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. கப்பலில் வந்திறங்கிய பயணிகள் அல்பத்துக்கு வாங்கினார்கள், பிறகு தபாலட்டையாகவும் உலகம் முழுக்கப் போனது. ஒரு செடியின் மாதிரியை ஒட்டி வைப்பது போல ஒரு இனத்துக்கு ஒரு முகம்.

அந்தப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை. அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அந்தக் காலத்து ஈரத் தகட்டு முறையில் படம் பதியப் பல விநாடிகள் ஆகும். அசைந்தால் மங்கிவிடும். தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கி வைப்பார்கள். ஆனால் அசையாமல் இருக்கச் சொன்னது யார், இருந்தது யார் என்ற கேள்வியைத் தொழில்நுட்பம் தீர்க்காது. அந்தப் பெண்ணின் முகத்தில் இருப்பது கோபமா, பயமா, அலுப்பா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

அனோலியின் படங்கள் இதே ஸ்டூடியோவுக்குள் திரும்பிப் போகின்றன. அதே இருக்கை, அதே ஒழுங்கு. "நீ கேட்டது எல்லாம் தந்தேன், முகம் மட்டும் தரமாட்டேன்" என்று சொல்வது போல. தலைவிரி கோலத்தின் அர்த்தம் தமிழ் வாசகருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாண்டியன் அவையில் கண்ணகி நின்ற கோலம் அது. பாஞ்சாலி முடியாமல் விட்ட கூந்தல் அது. கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடும் சிங்கள மக்களுக்கும் அது அந்நியமில்லை.

1962இல் கொழும்பில் பிறந்த அனோலி தனியாக முளைத்தவர் இல்லை. 1983க்குப் பிறகு போர், 1980களின் கடைசியில் தெற்கிலும் காணாமல் போனவர்களும் எரிந்த உடல்களும். அழகான நிலக்காட்சி வரைந்துகொண்டிருக்க முடியாது என்று ஒரு தலைமுறைக்குத் தோன்றியது. 1992இல் ஜகத் வீரசிங்க கொழும்பில் வைத்த கண்காட்சியின் பெயரே 'பதற்றம்' என்றுதான் பொருள்படும். 1997இல் சந்திரகுப்த தேனுவர, சோதனைச் சாவடிகளில் நின்ற தார்ப் பீப்பாய்களை அதே இராணுவ வர்ணத்தோடு கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். 2000இல் தீர்த்த கலைஞர் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் ஆரம்ப உறுப்பினர்களில் அனோலியும் ஒருவர்.

ஆனால் மற்றவர்கள் தெருவைப் பார்த்தபோது அவர் வீட்டுக்குள் பார்த்தார். 'டின்னர் ஃபோர் சிக்ஸ்' என்ற அவரது சிற்ப நிறுவலில் ஆறு பேர் சாப்பிடும் மேசை ஒன்று இருக்கிறது. பின்னல் வேலை அதன் மேல் சிலந்தி வலை மாதிரிப் படர்ந்திருக்கிறது. எங்கட வீடுகளில் தொலைக்காட்சிக்கு மேல விரிக்கிற அதே பின்னல் துணிதான். பெண்கள் பொறுமையாக இருந்து பின்னியது, கடைசியில் அவர்களையே பிடித்து வைக்கிறது. சோதனைச் சாவடி வீட்டுக்குள்ளும் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

இதை எல்லாம் நான் ஏன் கொம்பனித்தெருவில் இருந்து எழுதுகிறேன்?

எங்கட தெருவும் ஒரு பெயர்ப்பலகைக்குக் கீழே நிறுத்தி வைக்கப்பட்ட முகம்தான். ஒல்லாந்தர் காலத்தில் கம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த, வாவி சூழ்ந்த நிலம் இது. அதனால் ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு'. நாங்கள் தமிழில் அப்படிச் சொன்னதே இல்லை. எங்களுக்குக் கொம்பனித்தெரு, சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய. 2022 இறுதியில்தான் ஆங்கிலத்திலும் அந்தப் பெயரையே பாவிக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. பெயர் மாறின நேரம் தெருவில் பாதி இல்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அதே வருடம் மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. பிறகு ஜாவா லேன் பக்கமும் ஆட்கள் எழும்ப வேண்டி வந்தது. மலாய், சோனகர், தமிழர், சிங்களவர் எல்லாரும் ஒரே குழாயில் தண்ணி பிடித்த இடங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கெமராவோடு வருகிறார்கள். உடைந்த சுவர், பழைய கதவு, கதவடியில் இருக்கிற ஒரு கிழவி. இன்ஸ்டகிராமில் 'மறையும் கொழும்பு' என்று ஏதோ எழுதிப் போடுவார்கள். கிழவியின் பெயர் இருக்காது. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தத் தபாலட்டைக்கும் இந்தப் பதிவுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, ஏப்ரல் 29இலிருந்து அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. எங்கட லேனில் நிகாப் போடுகிற ஒரு அக்கா அந்த மாதங்களில் வெளியில் வரவே இல்லை. கடைக்குப் போக வேண்டியதை எல்லாம் மகனிடம் சொல்லிவிட்டார். கலைக்கூடத்தில் மூடிய முகம் எதிர்ப்பு. தெருவில் மூடிய முகம் குற்றம். அனோலி படம் எடுத்தது அதற்கு எட்டு, ஒன்பது வருடம் முன்னால். அவர் அந்த அக்காவை மனதில் வைத்துச் செய்யவில்லை. கூந்தலும் நிகாபும் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. ஒன்று மரபை மீறுவது, மற்றது நம்பிக்கையோடு சேர்ந்தது. ஆனாலும் "உன் முகத்தைக் காட்டு" என்று கேட்கிற குரல் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான் கேட்கிறது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கேட்ட குரலும் அதுதான்.

எனக்கு இந்தத் தொடரோடு ஒரு சண்டையும் உண்டு. முகம் தர மறுக்கிற இந்தப் பெண்ணுக்கும் பெயர் இல்லை. தபாலட்டைப் பெண்ணிடமிருந்து பறித்ததை இவளும் திருப்பி வாங்கவில்லை. மறுப்பு பெரிய விஷயம், ஆனால் மறுத்த பிறகு என்ன சொல்வாள் என்பதைப் படம் எங்களிடம் விட்டுவிடுகிறது. அது குறையா, அல்லது மிச்ச வேலை எங்களுடையதா என்று இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.

போன மாதம் அம்மம்மாவின் கலியாணப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவவுக்குப் பக்கத்தில் இருந்தேன். கதிரையில் கை வைத்து, கண் இமைக்காமல் நிற்கிறா. "ஏன் இவ்வளவு முறைச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"முறைக்கேல்ல. கண்ணை மூடினா இன்னொரு படத்துக்குக் காசு எண்டு அவன் சொன்னவன். அந்தச் சங்கிலி இரவல், பின்னேரத்துக்குள்ள திருப்பிக் குடுக்கோணும். அதுதான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

இத்தனை வருடம் அந்த முகத்தைப் பார்த்து நான் வைத்திருந்தது கண்டிப்பான ஒரு பெண்ணின் கதை. படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பென்சிலால் அவவின் பெயரையும், வருடத்தையும், சங்கிலி இரவல் என்பதையும் எழுதினேன். எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவ சொன்னா: "சரி, இப்ப போய்த் தலையைக் கட்டு."